எப்போதிலிருந்து?

2024-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுப்பகுதி. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மதுரையிலிருந்து இராமநாதபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், பரமக்குடிக்குச் சற்று முன்பாக, சாலையோரத்து மரநிழல் ஒன்றில் காரை நிறுத்திவிட்டுச் செய்வதறியாது நின்று கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் என் உம்மா அவர்கள், என் காக்கா மகளின் மடியில் தலைசாய்த்துப் படுத்திருந்தார்கள். அன்று காலையில்தான் அவர்களுக்கு இரண்டாம் முறையாகப் புற்றுநோய்க்கான மருந்து ஏற்றியிருந்தார்கள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார்கள். காரின் ஏ.சி.யோ, அடுப்படியில் ஊதுகுழல் வைத்து ஊதியதைப் போல அனல் காற்றை வீசிக் கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினால் வெளியிலும் அனல். ஏற்றினால் உள்ளேயும் அனல். நனைத்த துணியை உம்மாவின் நெற்றியில் போட்டேன். சில நிமிடங்களில் அது உலர்ந்து போயிற்று.

ஏ.சி.க்குக் காஸ் நிரப்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்காகப் பட்டறையில் 1,800 ரூபாய் கொடுத்திருந்தேன்.

கார் பழுதைப் பற்றி மதரஸா ஆசிரியை எழுதுவதா என்று வாசகர்கள் வியக்கக் கூடும். நான் அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். இருபதாண்டுகளாகக் கீழக்கரையில் ஒரு நிஸ்வான் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆயினும் அந்தக் கோடையில் ஏறக்குறைய இரண்டு மாத காலம், டேஷ்போர்டின் நடுவிலுள்ள ஒரு சிறிய குமிழைப் பற்றியே நினைத்துக் கொண்டிருந்தேன். அதிலிருந்து அறிந்து கொண்டதை நம் இல்லங்களில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று.

என் கணவர் ஷார்ஜாவில் பணிபுரிகிறார். 2022-இல் விடுப்பில் வந்திருந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஓட்டவும் கற்றுக் கொள்ளச் செய்தார். “நான் இல்லாத நேரத்தில் ஓர் அவசரம் என்றால் யாரிடம் போய் நிற்பாய்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். சில மாதங்களில் அவர்களே, “ஆலிமா, இராமநாதபுரம் போனால் எங்களையும் ஏற்றிக் கொள்ளுங்கள்” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

2024 மார்ச் மாதத் தொடக்கத்தில், நோன்பு பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, உம்மா என்னைத் தனியே அழைத்துத் தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளே மதுரைக்கு அழைத்துச் சென்றேன். பரிசோதித்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “எப்போதிலிருந்து?” என்பதுதான். உம்மா தரையைப் பார்த்தபடி, “போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த பிறகு” என்றார்கள். எட்டு மாதம்! ஒரே வீட்டில் இருந்து கொண்டு, ஒரே தட்டில் உண்டு, எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும், “ஏன் உம்மா சொல்லவில்லை?” என்று அழுதேன். “வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்” என்றார்கள். கட்டி பெரிதாகி விட்டதால் முதலில் மருந்து, பின்னர் அறுவை என்று முடிவாயிற்று. இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை வீதம் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். போகவர ஒவ்வொரு முறையும் இருநூற்று ஐம்பது கிலோமீட்டர்.

முதல் பயணம் ஏப்ரல் இறுதியில். சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். காலைக் குளிர்ச்சியில் கண்ணாடியை இறக்கிவிட்டே மதுரை போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போதுதான் ஏ.சி.யைப் போட்டேன். சற்று நேரம் இதமாக இருந்தது. மானாமதுரை தாண்டுவதற்குள் காற்று வெதுவெதுப்பாகி, பின்னர் சூடாயிற்று. கடும் கோடையின் காரணமாக இருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக் கொண்டேன்.

இரண்டாம் பயணத்திற்கு முன்பாக இராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். நான் முழுதும் சொல்லி முடிப்பதற்குள், “காஸ் இல்லையம்மா” என்றார் பட்டறைக்காரர். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். காஸ் நிரப்பி, காரை நின்ற நிலையிலேயே இயக்கி, “கையை வைத்துப் பாருங்கள்” என்றார். சில்லென்று இருந்தது. மாலை வேளை என்பதால் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கடல் காற்றிலேயே வீடு திரும்பினேன். அதன் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

மீண்டும் அதே பட்டறை. இந்த முறை காற்றாடி முழு வேகத்தில் மட்டுமே சுற்றுகிறது, மற்ற மூன்று வேகங்களும் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அது உண்மைதான். வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் என்ற சிறு உறுப்பு எரிந்து போயிருந்தது. அதை மாற்றினார்கள். ஏ.சி. பெட்டியின் வடிகட்டியையும், முன்புறமுள்ள கண்டென்சரையும் கழுவினார்கள். 1,400 ரூபாய். அது உண்மையான பழுதுதான். ஆனால் எங்களை வாட்டிய பழுது அதுவன்று. ஜூன் முதல் வாரத்தில் மூன்றாம் பயணம். அனல் இப்போது நான்கு வேகங்களிலும் வீசிற்று!

அன்று உம்மாவுக்கு மருந்து ஏறிக் கொண்டிருந்த நேரத்தில், மதுரையிலேயே ஒரு பெரிய பட்டறையில் காரைக் காட்டினேன். அங்கிருந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உடன் வந்திருந்த பதினாறு வயது காக்கா மகனைப் பார்த்து, “கம்ப்ரசர் போய்விட்டது தம்பி, மாற்றினால் 18,000 ரூபாய் ஆகும், அத்தாவிடம் சொல்லு” என்றார். மருத்துவச் செலவுக்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் என் கைப்பையில் இருந்தது. ஒரு கணம் கொடுத்துவிடலாமா என்று எண்ணினேன். உம்மாவின் வாடிய முகம் கண்முன் நின்றது. ஆனாலும் ஏதோ ஒன்று தடுத்தது. வந்து சொல்கிறேன் என்று கூறிப் புறப்பட்டுவிட்டேன்.

அன்றிரவு, பிள்ளைகளின் தவறுகளைக் குறித்து வைக்கும் ஏட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு பிள்ளை ஓதும்போது தடுமாறினால், எந்த இடத்தில், எந்த எழுத்துக்குப் பிறகு தடுமாறுகிறாள் என்று குறித்து வைப்பது என் வழக்கம். பத்து நாள் குறித்தால் தடுமாற்றத்தின் காரணம் தானாகவே தெரிந்துவிடும். அதே முறையில் காரையும் குறிக்கத் தொடங்கினேன். எஞ்சினைக் கிளப்பிய உடன்: குளிர்ச்சி. பத்து நிமிடம் கழித்து: குறைவு. இருபது நிமிடம் கழித்து: சூடு. இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால்: மறுபடியும் குளிர்ச்சி. ஒரு வாரம் இப்படியே எழுதினேன். ஒரு நாளும் மாறவில்லை. ஏட்டைப் பார்த்தால் நோய் ஒழுங்காகத்தான் இருந்தது. அதன் பொருள்தான் எனக்கு விளங்கவில்லை.

வரலாறு படித்தவள் என்பதால், இந்தக் கருவி எப்படி வந்தது என்றும் தேடிப் படித்தேன். 1939-இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தான் தயாரித்த காரில் குளிரூட்டியைப் பொருத்தி விற்றது. அந்தக் கருவி காரின் பின்புறப் பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக் கொண்டதாம். குளிர் வேண்டாம் என்றால், காரை நிறுத்தி இறங்கி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! குறைக்கவும் கூட்டவும் ஒரு குமிழ் இல்லாமல் மக்கள் பட்ட பாட்டை எண்ணிச் சிரித்தேன். 1954-இல் நாஷ் என்ற மற்றொரு அமெரிக்க நிறுவனம்தான் வெப்பமூட்டியையும் குளிரூட்டியையும் இணைத்து, முன்புறத்திலேயே ஓர் ஒழுங்காக அமைத்து, ஓட்டுநர் அமர்ந்த இடத்திலிருந்தே இரண்டையும் ஆளும்படி செய்தது. இன்று நம் கார்களின் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பது அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்தான்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய கணவர் வளைகுடாவில் பத்தாண்டுகள் கார் ஏ.சி. வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். உம்மாவை நலம் விசாரிக்க வந்த அவள், என் ஏட்டைப் பார்த்துவிட்டு, “இதை இவர்களிடம் காட்டுகிறேன்” என்று எடுத்துச் சென்றாள். அன்று அஸருக்குப் பின் அவர் வந்தார். காரைத் தொடுவதற்கு முன்பு, வாசலில் நின்றபடியே கேட்டார்: “லாத்தா, இது எப்போதிலிருந்து?”

திண்ணையில் அமர்ந்திருந்த உம்மா நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஏப்ரலிலிருந்து” என்றேன்.

“ஏப்ரலில் உங்களுக்குத் தெரிந்தது. கெட்டது எப்போது?”

இரண்டும் ஒன்றல்ல என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனினும் பதில் தெரியவில்லை. “யோசித்துச் சொல்லுங்கள்” என்றவர், எங்களை ஏர்வாடி சாலையில் காரை ஓட்டச் சொல்லி முன்னிருக்கையில் அமர்ந்து கொண்டார். உம்மாவும் என் மாணவியும் பின்னால். ஏடு சொன்னபடியே, இருபது நிமிடத்தில் காற்று சூடாயிற்று. அவர் காரை நிறுத்தச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்தார். சுற்றும் காற்றாடிக்கும் பெல்ட்டுக்கும் அருகே முந்தானை போகக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, ஏ.சி.யின் தடித்த குழாய் ஒன்றைத் தொடச் சொன்னார். மோர்ப்பானையைத் தொட்டாற் போலச் சில்லென்று இருந்தது. குழாயின் மேல் நீர் முத்துமுத்தாகப் பூத்திருந்தது.

“பார்த்தீர்களா, இங்கே குளிர் உற்பத்தியாகிக் கொண்டுதான் இருக்கிறது. காஸும் உண்டு, கம்ப்ரசரும் வேலை செய்கிறது. இவ்வளவு குளிரும் உங்களிடம் வந்து சேருவதற்குள் எங்கோ கெட்டுப் போகிறது” என்றார்.

பிறகு அவர் விளக்கியதை, என் மாணவிகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு உறுப்புகள். ஒன்று குளிர்ந்த உறுப்பு. ஏ.சி.யின் காஸ் அதற்குள் ஆவியாகி, காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக் கொள்கிறது. பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற அந்தப் பொருள், சாதாரண காற்றழுத்தத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் இயல்புடையது. மற்றொன்று சூடான உறுப்பு. எஞ்சினைச் சுற்றி வரும் நீர் ஏறத்தாழ 90 டிகிரிச் சூட்டில் அதற்குள் பாய்கிறது. இதுதான் ஹீட்டர். காற்றாடி வீசும் காற்று முதலில் குளிர்ந்த உறுப்பைக் கடக்கிறது. அதன் பிறகு அது சூடான உறுப்பின் பக்கம் போக வேண்டுமா, நேரே நம்மிடம் வரவேண்டுமா, பாதிப் பாதியாகப் போக வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது, இடையிலுள்ள ஒரு சிறு கதவு. குழந்தையைக் குளிப்பாட்டும்போது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் நாம் விளாவுகிறோம் அல்லவா, அதைப் போலக் காற்றை விளாவுவதுதான் அந்தக் கதவின் வேலை. டேஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்பு வரை நாம் திருப்பும் குமிழ், ஒரு கம்பிக் கேபிளின் வழியாக அந்தக் கதவை அசைக்கிறது.

“எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்தச் சூடான உறுப்பும் ஆறியே இருக்கும். அதனால் கதவு திறந்து கிடந்தாலும் காற்று குளிராகத்தான் வரும். பட்டறையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது அதனால்தான். எஞ்சின் சூடேறச் சூடேற ஏ.சி. தோற்றுக் கொண்டே வருகிறது. உங்கள் ஏட்டில் இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், லாத்தா.”

பின்னர் அந்தக் குமிழைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். வழுக்கிக் கொண்டு இலேசாகத் திரும்பியது.

“எப்போதும் இவ்வளவு இலேசாகத்தான் திரும்புமா?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு நினைவு வந்தது. 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டித் தீர்த்ததே, அந்த நாள்கள். எங்கள் பக்கமும் வானம் மூடியே கிடந்தது. மதரஸாப் பிள்ளைகள் மூவரை வீட்டில் விடுவதற்காகக் காரை எடுத்தேன். முன்கண்ணாடி முழுதும் உட்புறத்தில் ஆவி படிந்து பாதை தெரியவில்லை. குமிழைச் சிவப்புக்குத் திருப்பிச் சூடான காற்றைக் கண்ணாடியில் பாய்ச்சினேன். ஆவி விலகிற்று. பிள்ளைகளை இறக்கிவிட்டு நீலத்திற்குத் திருப்பியபோது, டேஷ்போர்டுக்குள் ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது. அன்று முதல் குமிழ் இலேசாகத் திரும்பத் தொடங்கியது. இறுக்கம் விட்டது நல்லதுதான் என்று நினைத்தேன். குளிர்காலம் ஆனதால் ஏ.சி. தேவைப்படவில்லை. பிறகு மறந்தே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும், பின்னிருக்கையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: “எனக்கும் ஒரு ‘டக்’ கேட்டதம்மா. நானும்தான் சொல்லவில்லை.”

காருக்குள் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஆவி விட்டு ஓடிக் கொண்டிருந்த எஞ்சினை அணைத்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்து, அவர் ஒரு டார்ச்சை வாயில் கவ்விக் கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஐந்து நிமிடத்தில், “லாத்தா, இங்கே வந்து பாருங்கள்” என்றார். குமிழிலிருந்து வரும் கேபிளைப் பெட்டியோடு பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. நான் குமிழைத் திருப்பும் போதெல்லாம், கேபிள் கதவை இழுக்காமல் தானே நெளிந்து கொடுத்திருக்கிறது. கதவோ டிசம்பர் மழையில் நின்ற இடத்திலேயே, சூட்டின் பக்கம் பாதிக்கு மேல் திறந்தபடி, ஆறு மாதமாக நின்றிருக்கிறது. “நெம்புகோலை நீங்களே கையால் தள்ளுங்கள்” என்றார். எஞ்சினை மீண்டும் கிளப்பி, சுண்டுவிரல் அளவுள்ள அந்த நெம்புகோலைத் தள்ளினேன். உள்ளே கதவு பொருந்தி மூடும் மெல்லிய ஓசை கேட்டது. ஒரு நிமிடத்திற்குள் காற்று குளிர்ந்தது. நான் கீழே குனிந்திருந்ததால், என் முகம் நனைந்தது வியர்வையாலா கண்ணீராலா என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கிளிப்பை மாற்றும் முன்பு அவர் ஒன்று கேட்டார். “நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் அந்த நீர்க்குழாயையே துண்டித்து அடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் இந்தத் தொல்லை இனி வரவே வராது. அடைத்துவிடட்டுமா?” சரி என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா குறுக்கிட்டு, “வேண்டாம் தம்பி. எதற்கோ வைத்திருக்கிறான். இருக்கட்டும்” என்றார்கள். அவர் சிரித்துக் கொண்டே புதுக் கிளிப்பைப் பொருத்தி, கேபிளின் நீளத்தைச் சரிசெய்து, இரு கோடியும் திருப்பிக் காட்டினார். முந்நூறு ரூபாய் வாங்கிக் கொண்டார். அதையும் வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் இறுதியில் நான்காம் பயணம். திரும்பும்போது வெயில் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. ஆயினும் உம்மா பரமக்குடி வரை உறங்கிக் கொண்டே வந்தார்கள். அன்று வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து வாசகச் சகோதரிகளுக்குச் சில செய்திகள். ஏ.சி.யின் காஸ் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்ந்து போவதன்று. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். எங்கே கசிகிறது என்று பார்க்காமல் நிரப்பச் சம்மதிக்காதீர்கள். பட்டறைக்குப் போகும் முன், எப்போது குளிர்கிறது, எப்போது இல்லை என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடானால், பெரும்பாலும் முன்புற விசிறியையோ கண்டென்சரையோ பார்க்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் கெடுகிறது என்றால், விளாவும் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றாடி முழு வேகத்தில் மட்டும் சுற்றினால் ரெசிஸ்டர். காற்றே பலவீனமாக வந்தால் முதலில் வடிகட்டி. எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்று ஒரே துவாரத்திலிருந்து வந்தால், திசை மாற்றும் கதவு சிக்கியிருக்கலாம். புதிய கார்கள் பலவற்றில் கேபிளுக்குப் பதிலாகச் சிறு மோட்டார் இருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் பல்லி கொட்டுவது போல ‘டிக் டிக்’ என்று கேட்டால், அதன் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருக்கக் கூடும்.

ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் சொட்டும் தெளிந்த நீருக்கு அஞ்ச வேண்டாம். அது காற்றிலிருந்த ஈரம்தான். ஆனால் உட்புறத் தரைவிரிப்பு நனைந்து, இனிப்பான வாடை வீசி, கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிந்தால், ஹீட்டரிலேயே கசிவு என்று பொருள். எஞ்சினின் வெப்ப முள் மேலே ஏறிவிட்டால், ஏ.சி.யை அணைத்துக் குமிழைச் சிவப்பில் வைத்துக் காற்றாடியை முழு வேகத்தில் விடுங்கள். உங்களுக்கு வேர்த்தாலும் எஞ்சினின் சூடு ஓரளவு தணியும். உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஏ.சி.யின் குழாய்களை நாமாகக் கழற்றவும் கூடாது. இவையெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது, கவனித்ததை ஒளிக்காமல் சொல்வது. அற்பமென்று தோன்றிய ஓர் ஓசையாக இருந்தாலும் சரி.

செப்டம்பரில் உம்மாவுக்கு அறுவை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், தேறி வந்தார்கள். நவம்பர் இறுதியில் மறுபரிசோதனைக்காக மறுபடியும் மதுரைப் பயணம். விடியற்காலை, விடாத மழை. இராமநாதபுரம் தாண்டியதும் முன்கண்ணாடி ஆவியால் மூடிக் கொண்டது. உடல் இளைத்து, முடி இப்போதுதான் அரும்பத் தொடங்கிய தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்த உம்மா, கால்களை ஒடுக்கிக் கொண்டு நடுங்கினார்கள். குமிழை மெல்லச் சிவப்புக்குத் திருப்பினேன். பழைய இறுக்கத்தோடு திரும்பிற்று. பாதிக் காற்றைக் கண்ணாடிக்கும் பாதியைக் கால்களுக்கும் விட்டேன்.

“இது சூடும் தருமா?” என்றார்கள் உம்மா.

“தரும் உம்மா. அடைக்க வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

அவர்கள் சிரித்தார்கள். பரமக்குடி வருமுன் மழை விட்டது. போதும், வேர்க்கிறது என்றார்கள். குமிழை நீலத்திற்குத் திருப்பினேன். காதைத் தீட்டிக் கொண்டு கேட்டேன். ஓர் ஓசையும் இல்லை. கதவு மூடிக் கொண்டது.

சிறிது தூரம் போன பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே உம்மா சொன்னார்கள்: “உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அறுவை செய்த பக்கத்துக் கையில் வீக்கம் மாதிரி இருக்கிறது. வளையல் இறுகுகிறது. முந்தாநாள் அஸருக்குப் பிறகிலிருந்து.”

மதுரையில் மருத்துவரிடம் அதை அப்படியே சொன்னார்கள், நாளும் நேரமும் உட்பட. மருத்துவர் கையை அளந்து பார்த்துவிட்டு, தொடக்கத்திலேயே வந்துவிட்டீர்கள், பயிற்சியிலும் கட்டுப் போடுவதிலும் கட்டுப்படுத்திவிடலாம் என்றார். வளையலை அப்போதே கழற்றி என் கையில் தந்தார்கள் உம்மா.